ஊடகமும் உடன்பாடும்: தரவுத் தொடர்பின் அடிப்படைகளும் தமிழ் எழுத்தும்



தரவுத் தொடர்பின் அடிப்படைகளைப் பற்றி எளிய தமிழில் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். கணினித் துறையினர் மட்டுமே கவலைப்பட வேண்டிய பொருள் இது என்று சிலர் கருதக்கூடும். தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இதனை அறிந்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டெழுதி வைத்த தமிழ்ப் பயிற்சித்தாள் ஒன்றை ஆசிரியர் ஒருவர் மின்னஞ்சல் வழி மாணவருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மாணவர் அதைத் திறக்கிறார். திரையில் தமிழ் இல்லை. உரோமன் எழுத்துகளும் பொருளற்ற குறிகளும் கலந்து கிடக்கின்றன. இணைப்பில் கோளாறா என்றால், இல்லை. அனுப்பிய ஒவ்வொரு பிட்டும் குறையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஆயினும் செய்தி வந்து சேரவில்லை. இது ஏன் நிகழ்கிறது என்ற வினாவுக்கு விடை காணும்போது, தரவுத் தொடர்பின் அடிப்படைகள் அனைத்தையும் நாம் தொட்டுவிடுவோம்.

தொடர்புக்கு வேண்டிய ஐந்து

எந்தத் தொடர்புக்கும் ஐந்து கூறுகள் வேண்டும். அனுப்புநர், பெறுநர், செய்தி, செய்தியைச் சுமந்து செல்லும் ஊடகம், இருவரும் ஏற்றுக்கொண்ட நெறிமுறை என்பன அவை. முதல் நான்கும் கண்ணுக்குத் தெரியும். அல்லது கருவிகொண்டு அளக்கலாம். ஐந்தாவதாகிய நெறிமுறை மட்டும் மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு.

நெறிமுறை என்பது கணினியோடு பிறந்ததன்று. ஓலைச்சுவடிகளை எண்ணிப் பாருங்கள். ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படவில்லை. இருந்தும் பயின்றவர்கள் பிழையின்றிப் படித்தார்கள். எழுதியவரும் படிப்பவரும் ஒரே மரபில் பயின்றமையால், ஓலையில் இல்லாததை மரபு நிரப்பியது. எழுத்துக்கு வெளியே நின்று எழுத்துக்குப் பொருள் தந்த அந்த உடன்பாடும் ஒருவகை நெறிமுறையே. கணினிக்கு மரபறிவு இல்லை. ஆகவே அதற்குரிய உடன்பாட்டை எண்ணால் எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

ஊடகம்: செம்பு, கண்ணாடி, காற்று

முதலில் ஊடகத்தைப் பார்ப்போம். இதில் நம் வட்டாரத்துக்குத் தனிச்சிறப்பு உண்டு. மின்குறிகளைக் கடலுக்கடியில் செலுத்தவேண்டுமானால் செம்புக் கம்பியை நீர் புகாமல் மூடவேண்டும். அதற்கு ஏற்ற பொருள் மலாய் மண்ணில் கிடைத்தது. 'கெத்தா பெர்ச்சா' என மலாய் மக்கள் அழைத்த மரப்பால், வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடலாழத்தின் குளிரிலும் அழுத்தத்திலும் கெடாது. பாராங் கத்திகளுக்குப் பிடி செய்ய அவர்கள் அதைப் பயன்படுத்தி வந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமெரி 1840களில் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அதன்பின் உலகக் கடல்களில் இறங்கிய தந்திக் கம்பிவடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மேலுறையாயிற்று. அந்தப் பாலுக்காக மரங்களை வெட்டி வீழ்த்தியதால், நூற்றாண்டின் இறுதிக்குள் அம்மரமே அரிதாகிப் போனது.

1871ஆம் ஆண்டில் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்றையும் இணைக்கும் கடலடிக் கம்பிவடம் பயன்பாட்டுக்கு வந்தது. கப்பலில் பல நாள் சென்ற செய்தி, அன்றுமுதல் தந்தியாக விரைந்தது. ஆனால் அந்தத் தந்திக் குறியீட்டில் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லை. தமிழில் செய்தி சொல்ல விரும்பிய வணிகர், அதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அல்லது தமிழ்ச் சொல்லை உரோமன் எழுத்தில் எழுதவேண்டும். இரு தமிழ்த் துறைமுகங்களோடு சிங்கப்பூரை இணைத்தது என்று சொல்லத்தக்க கம்பி கடலடியில் கிடந்தது. தமிழ் எழுத்து எழுத்தாகவே அதில் செல்ல வழியில்லை. ஊடகம் ஆயத்தமாக இருந்தது, உடன்பாடு இல்லை. இன்றைய உரையின் மையக் கருத்து இதுவே.

ஊடகங்களுக்கு மூன்று எதிரிகள் உண்டு. தொலைவு கூடக்கூடக் குறிகை மெலிதல் முதலாவது. வெளியிலிருந்து வந்து கலக்கும் இரைச்சல் இரண்டாவது. பயணத்துக்கு ஆகும் காலத்தாழ்வு மூன்றாவது. 1858ஆம் ஆண்டின் அட்லாண்டிக் கம்பிவடத்தில் விக்டோரியா அரசியாரின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தியை அனுப்ப ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. மெலிந்து கலங்கிய குறிகளை மறுமுனையில் இனங்காண அவ்வளவு இடர்ப்பட்டனர்.

மெலிவு என்னும் இடரைக் கண்ணாடி பெரிதும் தீர்த்தது. 1966ஆம் ஆண்டில் சார்லஸ் காவ் என்னும் அறிஞர், கண்ணாடியிழையில் ஒளி மங்குவதற்குக் கண்ணாடியின் மாசே காரணம் என்றும், தூய்மைப்படுத்தினால் நெடுந்தொலைவு செல்லும் என்றும் காட்டினார். அன்றைய இழைகளில் 20 மீட்டருக்குள் ஒளியின் 99 விழுக்காடு மங்கிவிடும். இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டர் சென்ற பின்பும் 95 விழுக்காடு எஞ்சுகிறது. இதற்காக அவருக்கு 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

2002ஆம் ஆண்டு முதல் சென்னைக்கும் சிங்கப்பூரின் துவாஸ் பகுதிக்கும் இடையே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழை வடம் ஒன்று கிடக்கிறது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர். மாணவர்களே, வகுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஓர் ஒளித்துடிப்பு வந்துசேர 16 மில்லிநொடி போதும்.

செயற்கைக்கோள் வழியே அனுப்பினால் என்ன ஆகும்? புவிநிலைக் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. செய்தி அங்கே ஏறி இறங்கவேண்டும். நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் ஏறத்தாழ கால் நொடி ஆகிவிடும். நம் கைப்பேசிச் செய்திகள் வானத்தில் பறப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவை அருகிலுள்ள கோபுரம் வரையே காற்றில் செல்கின்றன. அதன்பின் கடல்கடந்த பயணத்தின் பெரும்பகுதி கண்ணாடியிழையில்தான்.

பொட்டலங்களின் பயணம்

ஊடகத்தில் செல்வது மின்துடிப்பு அல்லது ஒளித்துடிப்பு. துடிப்பு இருந்தால் 1, இல்லையேல் 0 என்று எளிமையாகக் கொள்ளலாம். அந்த 0, 1 ஒவ்வொன்றும் ஒரு பிட். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்.

பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசி முடிக்கும்வரை அவர்களுக்கென ஒரு தனிவழி ஒதுக்கப்பட்டது. அவர்கள் மௌனமாக இருந்தாலும் அவ்வழியை வேறெவரும் பயன்படுத்த இயலாது. 1960களில் அமெரிக்காவில் பால் பேரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிசும் தனித்தனியே வேறொரு முறையைச் சிந்தித்தனர். செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொன்றின்மீதும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் ஆகியவற்றை எழுதவேண்டும். பொட்டலங்கள் வெவ்வேறு வழிகளில் சென்றாலும் மறுமுனையில் வரிசைப்படுத்திக் கோத்துக்கொள்ளலாம். நீண்டதொரு நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தனித்தனி உறைகளில் அஞ்சலில் சேர்ப்பது போன்றது இது. பக்க எண் இருக்குமாயின், எந்த உறை முதலில் வந்தாலும் நூல் சிதையாது.

இந்த அஞ்சலைக் கவனிப்பவை இரண்டு நெறிமுறைகள். முகவரி பார்த்து வழியனுப்புவது ஐபி. வரிசை எண் இட்டு, 'கிடைத்தது' என்ற ஒப்புகையைப் பெற்று, ஒப்புகை வராவிட்டால் மீண்டும் அனுப்புவது டிசிபி. விண்டன் செர்ஃப், இராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தவை இவை. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட் இவற்றுக்கு முழுமையாக மாறியது.

அக்காலத்தில் இவற்றுக்குப் போட்டியும் இருந்தது. அனைத்துலகத் தர அமைப்பு ஏழு அடுக்குகள் கொண்ட மாதிரி ஒன்றை 1984ஆம் ஆண்டில் வெளியிட்டது. பாடநூல்கள் அதை இன்றும் கற்பிக்கின்றன. ஆயினும் உலகம் நடைமுறையில் ஏற்றுக்கொண்டது டிசிபியையும் ஐபியையும்தான். பலர் கைக்கொண்டு பயன்படுத்தும்போதுதான் ஓர் உடன்பாடு வலிமை பெறுகிறது. இதனைத் தமிழைப் பற்றிப் பேசும்போது மீண்டும் நினைவுகூர்வோம்.

அடுக்குகளும் அவற்றின் எல்லையும்

வலைப்பின்னலின் பணிகள் அடுக்கடுக்காகப் பிரிக்கப்பட்டுள்ளன. கீழடுக்கு துடிப்புகளைக் கடத்தும். அதற்கு மேலுள்ளது முகவரி பார்க்கும். அதற்கும் மேலுள்ளது முறையாக வந்ததா எனச் சரிபார்க்கும். உச்சியில் மின்னஞ்சல், இணையப்பக்கம் போன்ற பயன்பாடுகள் இருக்கும். ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் வேலையில் தலையிடாது. வீட்டில் வைஃபையிலிருந்து கம்பி இணைப்புக்கு மாறினால் நீங்கள் படிக்கும் பக்கம் மாறுவதில்லை அல்லவா? காரணம் இந்தப் பிரிவினையே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கீழ் அடுக்குகள் எவையும் உறையைப் பிரித்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. அஞ்சல்காரர் கடிதத்தைச் சேர்ப்பார். கடிதம் எந்த மொழியில் இருக்கிறது, பெறுபவருக்குப் புரியுமா என்பது அவர் கவலையன்று. பிட்டுகள் சரியாக வந்தனவா என்பதற்கு வலைப்பின்னல் பொறுப்பேற்கும். அந்தப் பிட்டுகள் 'க' என்ற எழுத்தைக் குறிக்கின்றனவா என்பதற்கு அம்மொழியைப் பயன்படுத்துவோர் செய்துகொண்ட உடன்பாடே பொறுப்பு.

ஒரு 'க' செல்லும் வழி

இப்போது ஒரேயொரு 'க' எழுத்தைப் பின்தொடர்வோம். யூனிகோட் என்னும் உலகளாவிய எழுத்துப் பட்டியலில் 'க' எழுத்தின் எண் 2965. இதனை அனுப்ப இன்று பெரிதும் பயன்படுவது, கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992ஆம் ஆண்டில் வகுத்த யுடிஎஃப்-8 என்னும் முறை. அதன்படி 'க' மூன்று பைட்டுகளாக மாறுகிறது:

11100000 10101110 10010101

முதல் பைட்டின் தொடக்கத்திலுள்ள 1110 என்பது, 'இங்கே மூன்று பைட் கொண்ட எழுத்து தொடங்குகிறது' என்று அறிவிக்கிறது. அடுத்த இரண்டின் தொடக்கத்திலுள்ள 10 என்பது, 'நான் தொடர்ச்சி' என்கிறது. அடையாளக் குறிகளை நீக்கி, எஞ்சிய பிட்டுகளைச் சேர்த்தால் 2965 கிடைக்கும். வழியில் ஒரு பைட் தொலைந்தாலும் ஓர் எழுத்துதான் கெடும். அடுத்த எழுத்தின் தொடக்கத்தைக் கணினி தானே கண்டுகொள்ளும்.

'தமிழ்' என்ற சொல்லை நாம் மூன்று எழுத்து என்போம். கணினியோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து எண்களாகக் கொள்ளும். ஐம்மூன்று பதினைந்து பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் போதும். கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டுகள். அதில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும்; தமிழுக்கு 70 குறிகளே. இவ்வேறுபாடு உண்மையே, மறைப்பதற்கில்லை.

தமிழ் கண்ட உடன்பாடு

தமிழ் இந்த உடன்பாட்டை எளிதில் அடைந்துவிடவில்லை. 1980களிலும் 1990களிலும் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர், உரோமன் எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தனர். கணினியிடம் 'இது உரோமன் எழுத்து' என்று சொல்லிவிட்டு, கண்ணுக்கு மட்டும் தமிழாகக் காட்டும் உத்தி அது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் ஒழுங்கை வைத்திருந்தது. ஒரே எழுத்துரு இரு முனையிலும் இருந்தால் செய்தி புரியும், இல்லையேல் புரியாது. தொடக்கத்தில் நாம் பார்த்த பயிற்சித்தாளுக்கு நேர்ந்தது இதுதான்.

இந்தச் சிதறலைக் களைய முற்பட்டோரில் நம் நாட்டவரும் அண்டை நாட்டவரும் முன்னின்றனர். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் தமிழ்ப் பக்கங்களை உருவாக்கினார். இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நிகழ்வுகளுள் அது ஒன்று. 1997ஆம் ஆண்டில் பல நாட்டுத் தமிழ்க் கணினியாளர்கள் சிங்கப்பூரில் ஒன்றுகூடவும் அவர் முன்னின்றார். மலேசியாவின் முத்து நெடுமாறன் தமது முரசு செயலி வழியே தமிழ்த் தட்டெழுத்தைப் பரவலாக்கினார். 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை தரமாயிற்று. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி 'உத்தமம்' அமைப்பு உருவானது.

இதற்கிடையில் 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆனால் அதன் அமைப்பு இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த ஒரு குறியீட்டைப் பின்பற்றியது. தமிழிலக்கணப்படி 'க்' என்னும் மெய்யே அடிப்படை. அதனோடு அகரம் சேர்ந்தால் 'க'. யூனிகோடிலோ 'க' அடிப்படை. அதன்மேல் புள்ளி சேர்ந்தால் 'க்'. இலக்கணம் அறிந்தோர் இதைக் குறை கூறியது நியாயமே. எல்லா உயிர்மெய்களுக்கும் தனியிடம் வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் யூனிகோடை ஏற்றபோது, அத்தகைய மாற்று அமைப்பு ஒன்றையும் உடன் ஏற்றது.

மற்றொரு வகையில் யூனிகோட் நம் இலக்கணத்தோடு ஒத்துப்போகிறது. 'கெ' என்று எழுதும்போது நம் கை ஒற்றைக்கொம்பை முதலில் இடுகிறது. கணினியின் நினைவகத்திலோ 'க' முன்னும் கொம்பு பின்னுமாகப் பதிகின்றன. உயிர்மெய்யில் மெய்யின் ஒலி முந்தியும் உயிரின் ஒலி பிந்தியும் வரும் என்பது தொல்காப்பியக் கொள்கை. வடிவத்தின் வரிசையை விடுத்து ஒலியின் வரிசையைப் பின்பற்றும் இம்முறை தமிழாசிரியருக்குப் புதிதன்று.

குறையுள்ள உடன்பாட்டை ஏன் ஏற்கவேண்டும் என்று கேட்கலாம். டிசிபி, ஐபி ஆகியவற்றின் வரலாறே விடை. அவையும் குறையற்றவையல்ல. எல்லாரும் ஏற்றமையால் எல்லாரையும் இணைத்தன. சென்னையில் ஒன்றும், யாழ்ப்பாணத்தில் ஒன்றும், கோலாலம்பூரில் ஒன்றுமாக நிறைவான குறியேற்றங்கள் மூன்று இருப்பதைவிட, குறையுள்ள ஒன்று அனைவரிடமும் இருப்பது மொழிக்கு நன்று. இன்று எந்தக் கைப்பேசியை வாங்கினாலும் அதில் தமிழ் தெரிவதற்கு இந்த ஒருமைப்பாடே காரணம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

இனி நாம் செய்யவேண்டியவை யாவை? மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பழைய எழுத்துருக்களில் உறைந்துகிடக்கும் ஆவணங்களை மீட்பது. பள்ளிகளிலும் வீடுகளிலும் பழைய வட்டுகளில் தேர்வுத்தாள்களும் ஆண்டுமலர்களும் மாணவர் கவிதைகளும் இருக்கும். ஓலையைச் செல் அரித்தால், எஞ்சிய எழுத்தையாவது படிக்கலாம். இங்கே ஊடகம் நலமாக இருக்கிறது. ஒரு பிட்டும் கெடவில்லை. ஆனால் அந்த எழுத்துருவும் அதன் ஒழுங்கை அறிந்தவரும் மறைந்துவிட்டால், எழுத்து முழுவதும் ஊமையாகிவிடும். அந்த எழுத்துருக்கள் கையில் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் செயலிகள் இருக்கின்றன. மாற்றிய பின் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். இது மாணவர்களுக்கு நல்ல பிழைதிருத்தப் பயிற்சியாகவும் அமையும்.

இரண்டாவது, தமிழ்ப் பாடத்தைப் படமாக எடுத்து அனுப்பும் வழக்கத்தைக் குறைப்பது. ஒரு பக்கத் தமிழ் எழுத்தாகச் சென்றால் சில ஆயிரம் பைட்டுகளே. ஒளிப்படமாகச் சென்றால் பல இலட்சம் பைட்டுகள். அளவைவிடப் பெரிய இழப்பு வேறு. படத்திலுள்ள சொல்லை மாணவர் எளிதில் எடுத்து அகராதியில் தேட முடியாது. பார்வையற்ற மாணவருக்குத் திரைபடிப்பான் அதை அப்படியே வாசித்துக் காட்டுவதும் கடினம். படம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு வெறும் நிறப்புள்ளிகள்.

மூன்றாவது, தட்டெழுத்தை எழுத்துப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கற்பிப்பது. 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் பதிக்கலாம். கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் பதிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் இரண்டையும் சமன்படுத்தத் தெரியாத செயலியில், ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. அகரத்தை எங்கே சுழிக்கவேண்டும் என்று குழந்தைக்குக் கைபிடித்துக் கற்பிக்கிறோம். விசையை எந்த வரிசையில் தட்டவேண்டும் என்பதையும் அதே அக்கறையோடு கற்பிக்கவேண்டும்.

செம்பையும் கண்ணாடியையும் பெருநிறுவனங்கள் கடலில் இறக்குகின்றன. பொட்டலங்களைச் சேர்க்கும் நெறிமுறைகளை உலகப் பொறியாளர்கள் பேணுகின்றனர். அந்தப் பொட்டலத்துக்குள் செல்லும் தமிழ் பிழையின்றி இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது. அதை வேறு எவரிடமும் ஒப்படைக்க இயலாது. 1871ஆம் ஆண்டில் கம்பிவடம் வந்தபோது நம்மிடம் எழுத்துக்குரிய உடன்பாடு இல்லை. இன்று இருக்கிறது. அதைக் கைக்கொண்டு, அடுத்த தலைமுறையும் படிக்கத்தக்க வகையில் எழுதி வைப்போம்.